அக்காவிடம் பேச மூன்றை அழுத்தவும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வீட்டு வாசலில் மூன்று மெக்கானிக்குகள் ஒரே நேரத்தில் வந்து நின்றால், உள்ளே ஏதோ பெரிதாகக் கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் அக்கம்பக்கத்தார் நினைப்பார்கள். இந்த வீட்டில் எதுவும் கெடவில்லை. துணி துவைக்கும் மெஷின் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் பில்டர் சொட்டுச் சொட்டாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பிரிட்ஜ் தன் பாட்டுக்கு மூலையில் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. கெட்டுப்போயிருந்தவர் மாப்பிள்ளை ஒருவர்தான். அவருக்கு மெக்கானிக் யாரும் வந்திருக்கவில்லை.

அவர் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, குளிக்காமல் நின்றுகொண்டிருந்தார். அந்த மூன்று பேரையும் வரவழைத்தது அவர்தான். வேண்டுமென்று வரவழைக்கவில்லை. மூன்று கம்பெனிகளின் வாடிக்கையாளர் சேவை எண்களைக் கூப்பிட்டு, எடுத்த பெண்களோடு சும்மா பேசிக்கொண்டிருந்தார். "ஆள் அனுப்பட்டுமா சார்?" என்று அவர்கள் அக்கறையாகக் கேட்டார்கள். இவ்வளவு நேரம் பேசிவிட்டு ஒன்றுமே இல்லை என்றால் அந்தப் பெண்கள் மனசு கஷ்டப்படுமே என்று, "அனுப்புங்கம்மா" என்று சொல்லிவிட்டார்.

தெருமுனையில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். கண்ணைச் சோதித்து, லென்ஸ் செதுக்கி, பிரேமில் மாட்டிக் கொடுப்பது தொழில். கல்யாணமான நாள் முதல் மனைவி வீட்டிலேயே குடியிருப்பவர் என்பதால் தெருவுக்குக் கண்ணாடிக்காரர், வீட்டுக்கு மாப்பிள்ளை.

கதவைத் திறந்த மாமியார் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணா வந்தீங்களா, தனித்தனியா வந்தீங்களா?"

"மாடிப்படியிலதாம்மா பழக்கமானோம்," என்றார் வாஷிங் மெஷின்காரர்.

"பிரிட்ஜ் உறுமுதுன்னு புகார் வந்திருக்கு," என்றார் இன்னொருவர்.

"எங்க வீட்டுல உறுமறது என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அவரு அங்க பேப்பர் படிக்கிறாரு. அவரையா கழட்டப் போறீங்க?"

மற்ற இரண்டு பேரும் நல்லவர்கள். ஒன்றுமில்லை என்று பார்த்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பிரிட்ஜ்காரர் கடமை தவறாதவர். பின்பக்கம் காதை வைத்து நெடுநேரம் கேட்டார். "சத்தமே இல்ல. உறுமுற பிரிட்ஜ் இப்படி அமைதியா இருக்குன்னா உள்ள பெருசா ஏதோ நடக்குதுன்னு அர்த்தம்," என்று சொல்லி, ஆளைக் கூப்பிட்டு, பிரிட்ஜை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டார். குளியலறைக் கதவு திறந்தபோது சாப்பாட்டு மேஜை முழுக்க முட்டையும் தக்காளியும் பால் பாத்திரமும் பரப்பி வைத்திருந்தது. வாளியில் ஐஸ்கட்டி உருகிக்கொண்டிருந்தது.

"குளிச்சீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார் மாமியார், காய்ந்திருந்த அவர் தலையைப் பார்த்தபடி.

விசாரணை மேஜையைச் சுற்றி நடந்தது. மாமனார் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பார் என்பதால் அவருக்கு வாய்தா என்று தெருவே பெயர் வைத்திருந்தது. மனைவியின் தம்பி சின்னவன், விழாக்களுக்கு மைக்செட் போடுபவன். அவன் அத்தானின் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"அத்தான், இதுல நீங்க பேசின ஆள்ல ஒரு மனுஷன் பேர்கூட இல்லையே. எல்லாம் கம்பெனி. மிக்ஸி, கட்டில், பற்பசை. பற்பசைக்குப் போன் பண்ணி என்ன அத்தான் கேப்பீங்க?"

"மூடி இறுக்கமா இருக்குன்னு."

"இறுக்கமா இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப அவங்க என்ன சொன்னாங்க?"

"மன்னிப்புக் கேட்டாங்க," என்றார் கண்ணாடிக்காரர்.

அந்த நேரம் பார்த்து மனைவி வேலை முடிந்து உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை. ஞாயிறு, திங்கள் பேதமெல்லாம் ரத்தத்துக்குக் கிடையாது. மேஜையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், பிரிட்ஜ் இருந்த மூலையைப் பார்த்தாள். "சுவத்துல இவ்வளவு அழுக்கா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார் கண்ணாடிக்காரர். மேஜைக்கு அடியில் அவர் கால் தையல் மெஷின் மிதிப்பதுபோல ஆடிக்கொண்டிருந்தது.

வியாதி தொடங்கிய இடத்தைச் சொல்லிவிட வேண்டும். போன மாதம் சாப்பிடும்போது மனைவி, தண்ணீர் கேட்பதுபோல, ஒரு விஷயம் சொன்னாள். மலைப்பக்கம் புதிதாக ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார்கள், அங்கே பரிசோதனைக்கூடத்தைத் தலைமை ஏற்று நடத்த அவளைக் கேட்டிருக்கிறார்கள். ராத்திரி பூராவும் பயணம் போக வேண்டிய தூரம். வருகிற சனிக்கிழமைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். கண்ணாடிக்காரர் கையில் இருந்த கவளம் கையிலேயே நின்றது.

"போறியா?" என்று கேட்டார்.

"பார்க்கலாம்," என்றாள்.

அத்தோடு சரி. கட்டிலில் கேட்டார், தூக்கம் வருகிறது என்றாள். மாமனாரைக் கேட்டார், அதற்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றார். மாமியாரைக் கேட்டார், ஏன் மாப்பிள்ளை கேக்கறீங்க என்றார். சின்னவனைக் கேட்டார், அக்கா போனால் அவள் அறையில் ஸ்பீக்கர் வைத்துக்கொள்வேன் என்றான். போனால் தன்னையும் கூட்டிப் போவாளா, விட்டுப் போவாளா, விட்டுப் போனால் இந்த வீட்டில் தான் யார், இந்தக் கேள்விகளை எல்லாம் வயிற்றில் போட்டுக்கொண்டு அவர் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தார்.

அப்படி ஒரு நாள், பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த எண்ணை எதற்கென்றே தெரியாமல் கூப்பிட்டார். ஒரு பெண் எடுத்தாள். "இந்தப் பிரிட்ஜ் இன்னும் எத்தனை வருஷம்மா ஓடும்?" என்று கேட்டார். "ஏழு வருஷம் கண்டிப்பா ஓடும் சார்," என்றாள் அவள். கேட்ட கேள்விக்குப் பதில். சுற்றி வளைக்காமல், பல்லைக் குத்திக்கொண்டு ஜன்னலைப் பார்க்காமல், நேராக ஒரு பதில். அவருக்குத் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்ததுபோல இருந்தது. சிலர் அந்தச் சுகத்துக்குக் குடிக்கிறார்கள், சிலர் சீட்டாடுகிறார்கள். இவர் இலவச எண்களைக் கூப்பிட ஆரம்பித்தார்.

வீடு கூடி எடுத்த முதல் முடிவு போனைப் பறிமுதல் செய்வது. மாமியார் அதை மாவு டப்பாவுக்குள் புதைத்து, டப்பாவைப் பீரோவுக்கு மேலே ஏற்றினார். "எந்தப் பழக்கமும் மூணு நாள் பல்லைக் கடிச்சா போயிடும்," என்றார் மாமனார். அவருடைய மூக்குப்பொடிப் பழக்கம் அவர் சட்டைப்பையிலேயே பத்திரமாக இருந்தது.

பல்லைக் கடித்தார் கண்ணாடிக்காரர். வீட்டில் உட்கார முடியவில்லை. ஜன்னலைத் திறந்தார், காற்று அதிகம் என்று மூடினார், புழுக்கம் என்று திறந்தார். பால்கனிக்கும் சமையலறைக்கும் நடந்த நடையில் மாமியாருக்குத் தலை சுற்றியது. ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்பி, அங்கே பொடியாக அச்சடித்திருந்த எண்ணை உதடு அசையப் படித்துவிட்டுத் திரும்ப வைத்தார். கடையில் லென்ஸ் செதுக்கும்போது அவரை அறியாமல் வாய் ஒரு மெட்டை முனகியது.

"நல்லா இருக்கே, என்ன பாட்டுங்க இது?" என்று கேட்டார் ஒரு வாடிக்கையாளர்.

"கேஸ் அடுப்புக் கம்பெனி," என்றார்.

கடையில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. இருட்டு அறையில், நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் கேள்வி கேட்கலாம், பதில் வரும். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" அங்கேயும் எல்லாரும் நேர்மையாகச் சொல்வதில்லை என்பது அவருக்கு அனுபவம். பாதிப்பேர், சோதிப்பவர் மனசு நோகக்கூடாதென்று, இரண்டாவதாகக் காட்டுவதே நன்றாக இருக்கிறது என்பார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வித்தை வைத்திருந்தார். ஒரே லென்ஸை எடுத்துவிட்டுத் திரும்ப அதையே போடுவார். அப்போதும் "இதுதான் தெளிவு" என்று சொன்னால் அந்த ஆளின் பேச்சை நம்பிக் கண்ணாடி போடக்கூடாது. அந்த வாரம் வந்தவர்களிடம் எல்லாம் தேவைக்கு மேல் கேள்வி கேட்டார். ஒரு கிழவர் எழுந்து நின்று, "தம்பி, நான் படிக்கிறதுக்குக் கண்ணாடி கேட்டு வந்தேன், பரீட்சை எழுத வரல," என்றார்.

மூன்றாவது நாள் மாமியார் குப்பை கொட்டப் போனபோது, மாடிப்படிக்கு அடியில் ஒரு முதுகு தெரிந்தது. வாட்ச்மேனின் போனைக் காதில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை பிஸ்கட் கம்பெனியோடு பேசிக்கொண்டிருந்தார். "இல்லம்மா, உடைஞ்சு வரல. நல்லாத்தான் வந்துச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

மாமியார் கொட்டாத குப்பை வாளியோடு திரும்பி மேலே ஏறிவிட்டார்.

அடுத்த திட்டம் சின்னவனுடையது. "இதெல்லாம் ஒரேயடியா நிறுத்தினா உடம்பு தாங்காது அக்கா. படிப்படியாக் குறைக்கணும். வெளியில கூப்பிடாம நம்மளையே கூப்பிடட்டும். நாமளே ஒரு சேவை மையம் நடத்துவோம்."

"யாரு போன் எடுக்கிறது?" என்று கேட்டாள் அக்கா.

"எல்லாரும்தான். மைக்செட் பசங்க யாரையாவது வச்சா சம்பளம் கேப்பாங்க."

சாயங்காலம் மைக்செட் பெட்டியெல்லாம் கூடத்துக்கு வந்தது. கண்ணாடிக்காரரைப் படுக்கை அறைக்குள் தள்ளி, மாவுத் தூசி தட்டிய போனைக் கையில் கொடுத்தார்கள். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சின்னவனின் எண்ணை அழுத்தியபோது விரல் நுனி குறுகுறுத்தது உண்மை.

எடுத்ததும் எக்கோ வைத்த சின்னவன் குரல் கேட்டது. "வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். சாப்பாடு சம்பந்தமாகப் பேச ஒன்றை அழுத்தவும். வாய்தா வாங்க இரண்டை அழுத்தவும். அக்காவிடம் பேச மூன்றை அழுத்தவும். நாகரிகமாகப் போனை வைத்துவிட்டுச் சாப்பிட வர, எதையும் அழுத்த வேண்டாம்."

அறைக்குள் கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றை அழுத்தினார். கூடத்தில் போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க மாப்பிள்ளை... சார்," என்றார் மாமியார்.

"அத்தை, அவ போறாளா?"

"சாயங்காலம் டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேன். அவ போறாளா?"

"அவ போனா," மாமியாரின் குரல் இறங்கியது, "நீங்க மட்டும் எதுக்கு இந்த வீட்டுல இருக்கப் போறீங்க?"

கண்ணாடிக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். வெளியே போகச் சொல்கிறாரா, போய்விடாதே என்கிறாரா? கைப்பிடி எந்தப் பக்கம் என்றே தெரியாத பாத்திரமாக இருந்தது அந்தக் கேள்வி. பதில் சொல்வதற்குள் இணைப்பு இரண்டுக்கு மாறிவிட்டது. மாமனார் செருமினார். "இந்த விஷயம் இன்னிக்கு எடுத்துக்கப்படல. வர்ற வாரம் பாத்துக்கலாம். இணைப்பில் இருங்க." பின்னாலேயே காத்திருக்கும்போது போடும் சங்கீதம் என்று எதையோ வாயாலேயே முனக ஆரம்பித்தார். சுருதி சேரவில்லை. கூடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பது கதவு வழியாகவும் போன் வழியாகவும் இரட்டையாகக் கேட்டது.

கண்ணாடிக்காரர் மூன்றை அழுத்தினார்.

மறுபடி கைமாறும் சத்தம். ஒரு மூச்சு. அது யாருடைய மூச்சு என்று அவருக்குத் தெரியும்.

"சனிக்கிழமைக்குள்ள சொல்லணும்னியே," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "போறியா? நான் என்ன பண்ணட்டும்?"

பக்கத்தில் தம்பி சைகை காட்டியிருக்க வேண்டும், அப்பா சிரித்துக்கொண்டே பார்த்திருக்க வேண்டும். "உங்கள் கேள்வி பதிவு செய்யப்பட்டுள்ளது," என்றாள் அவள், கம்பெனிப் பெண்கள் பேசுவதுபோலவே. "விரைவில் தொடர்பு கொள்வோம் சார்."

கூடம் கைதட்டியது.

படுக்கை அறைக் கதவு திறந்தது. கண்ணாடிக்காரர் நேராக வந்து, தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில் போனை வைத்தார். "இந்தப் பழக்கம் விட்டுப்போச்சு. யாரையும் இனிமே எதுவும் கேக்க மாட்டேன்," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். சின்னவன் எக்கோவை அணைக்க மறந்திருந்ததால், கதவு சாத்திய சத்தம் வீட்டுக்குள் இரண்டு மூன்று தடவை கேட்டது.

"குணமாயிட்டாரா?" என்று கேட்டார் மாமனார்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. இன்றைக்கு என்ன சமையல் என்றுகூடக் கேட்கவில்லை, வைத்ததைச் சாப்பிட்டார். பட்டறையிலிருந்து பிரிட்ஜ் திரும்பி வந்து, புதிதாக ஒரு உறுமலோடு மூலையில் நின்றது. அதையும் அவர் கேட்காததுபோல இருந்தார். வீடு மட்டும் நிலைகொள்ளாமல் தவித்தது. மாமியார் இரண்டு முறை உப்புப் போட்டார். மாமனார் பேப்பரை ஒரே பக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டு மாப்பிள்ளையையே பார்த்தார். சின்னவன் பாட்டே போடவில்லை. மேஜையில் கிடந்த போனை யாரும் கேட்காமலே மாமியார் எடுத்துத் துடைத்து, சார்ஜில் போட்டு, மாப்பிள்ளையின் தலையணை அருகே வைத்தார். காலையிலும் அது வைத்த இடத்திலேயே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் ஆள் இல்லை. கண்ணாடிக்காரர் துடைத்த பிரேம்களையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். கதவு மணி அடித்தது. மனைவி உள்ளே வந்தாள், ஆஸ்பத்திரி உடையிலேயே. பையைக் கவுண்டரில் வைத்தாள்.

"கண்ணு பாக்கணும்," என்றாள்.

அவள் கண் சரியில்லை என்பது அவருக்கு ஒரு வருஷமாகத் தெரியும். நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்துவிட்டு, வீட்டில் மாத்திரை அட்டையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பாள். வா, சோதித்துவிடலாம் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அப்புறம் அப்புறம் என்று தள்ளியவள் இன்று தானாக வந்திருக்கிறாள். ஏன் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்பதில்லை என்று சொன்னவராயிற்றே. "உக்காரு," என்றார்.

விளக்கை அணைத்தார். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாக நின்றது. லென்ஸ் சொருகும் கனத்த வட்டப் பிரேமை அவள் மூக்கில் வைத்து, காதோரம் முடியை ஒதுக்கி மாட்டினார். எத்தனையோ ஆயிரம் காதில் மாட்டிய கைதான். இன்று ஒரு கம்பியை இரண்டு முறை மாட்ட வேண்டியிருந்தது.

"கடைசி வரி படி."

படித்தாள். ஒரு லென்ஸை எடுத்து இன்னொன்றைச் சொருகினார். "இது தெளிவா, இது தெளிவா?"

"முதல்ல போட்டது."

"இப்போ?"

"இது பரவாயில்ல."

இப்படியே போயிற்று. தொழில் கேள்விகள், அவற்றைக் கேள்வி என்று கணக்கில் சேர்க்க முடியாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். கடைசியாக, கை தன் பழக்கத்தில், ஒரு லென்ஸை எடுத்துத் திரும்ப அதையே சொருகியது.

"இது நல்லா இருக்கா, முன்னாடி போட்டதா?"

அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டும் ஒண்ணுதான். எடுத்ததையே திரும்பப் போட்டிருக்கீங்க."

கண்ணாடிக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. இத்தனை வருஷத்தில் எடுத்ததையே போட்டதாக முகத்துக்கு நேராகச் சொன்ன ஆள் கிடையாது. கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது என்பார்கள், இன்னொரு தரம் காட்டுங்கள் என்பார்கள், அவர் மனசு நோகாமல் ஏதாவது சொல்லித் தப்பிப்பார்கள்.

"வேற ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேளுங்க," என்றாள் அவள். "பக்கத்துல இருக்கிறது எதுவும் இந்தக் கண்ணாடியில தெரியல. உங்க முகமும் தெரியல. வீட்டுல அதைப் பார்த்துக்கிட்டு என்னால பேச முடியல."

வெளியே தெருவில் ஒரு லாரி பின்னால் நகர்ந்துகொண்டு பீப் பீப் என்று கத்தியது. அது ஓயும்வரை அவர் காத்திருந்தார்.

"போறியா?"

"போறேன். காலையிலயே அவங்ககிட்டச் சொல்லிட்டேன்."

லென்ஸ் பெட்டியின் மூடியை மூடினார், எதற்கென்று தெரியாமல் திறந்தார். "நான்?"

"நான்னா என்ன அர்த்தம்? முழுசா கேளுங்க."

"நான் உன்கூட வரணுமா, வேண்டாமா?"

காத்திருக்கும்போது போடும் எல்லா மெட்டுகளும் அவர் தலைக்குள் ஒரே நேரத்தில் ஓடின. அவள் பிரேமைக் கழற்றவில்லை. இருட்டில் கையை நீட்டித் துழாவி, அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல நான் மட்டும் போறேன். இத்தனை வயசுல ஒரு வீட்டுச் சாவி என் ஒருத்தி கையில மட்டும் இருந்ததில்ல. அது எப்படி இருக்குன்னு ஒரு தடவை பாக்கணும். நீங்களும் கிளம்பிடுவீங்கன்னு அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் பயம், அதான் வாய் திறக்க மாட்டேங்கிறாங்க. சொன்ன அன்னிக்கே கடையைப் பூட்டிட்டு என் பின்னாலயே வந்துடுவீங்கன்னு எனக்குப் பயம், அதான் நானும் திறக்கல. மழைக்காலம் முடிஞ்சதும் நீங்க வாங்க. முடிஞ்சா வாங்கன்னு சொல்லல. வாங்கன்னு சொல்றேன்."